ஏழாவது நாற்காலி

தாளாளர் ரத்தினசபாபதி கட்டிய கல்லூரியில் அவர் சொன்னதுதான் சட்டம், கணக்குக்கும்கூட. நாற்காலி எங்கே தென்பட்டாலும் கைக்குட்டையால் துடைத்து, "முதல்ல ஐயா உக்காரட்டும்" என்பதே துறைத்தலைவரின் முழுநேர வேலை.

ஒருநாள் தாளாளர் புள்ளியியல் மூன்றாமாண்டு வகுப்புக்குள் நுழைந்தார். இருந்ததே ஆறு பேர்.

"மாதிரித் தேர்வுல பாதிப் பேர் சராசரிக்குக் கீழே! வெட்கமா இல்ல? மறுதேர்வுல அத்தனை பேரும் சராசரிக்கு மேலே வரணும். இல்லேன்னா ஒருத்தருக்கும் ஹால் டிக்கெட் கிடையாது."

"ஐயா சொன்னா சரி" என்றார் துறைத்தலைவர்.

மாணவி இசக்கியம்மாள் எழுந்தாள். "முடியும் ஐயா. நாங்க ஆறு பேரும் ஐம்பதை ஒட்டித்தான் வாங்குறோம். கூட ஒருத்தர் எழுதி முட்டை வாங்கிட்டா சராசரி இறங்கிடும். நாங்க எல்லாரும் மேலே போயிடுவோம்."

"பிரமாதம்! அப்படி ஒரு ஆளைப் பிடிங்க!"

"சராசரின்னா என்னன்னே தெரியாதவரா இருக்கணும் ஐயா" என்றபடி அவள் ஏழாவது நாற்காலியை இழுத்துப் போட்டாள். "இதுல யார் உக்காருவாங்க?"

துறைத்தலைவரின் கை தானாகக் கைக்குட்டையை எடுத்தது. நாற்காலியைப் பளபளவென்று துடைத்துவிட்டு அவர் குனிந்தார்.

"முதல்ல ஐயா உக்காரட்டும்."

மதியத்துக்குள், மறுதேர்வே இல்லாமல், ஆறு ஹால் டிக்கெட்டும் வந்துவிட்டன.