மரகதவல்லி கொரிய மொழியில் போட்ட சண்டை

ஒரகடத்தில் ஒரு டயர்க் கடையின் மாடியில் பெனாசிர் கொரிய மொழி வகுப்பு நடத்தினாள். ஆம்பூர்ப் பெண், வயது இருபத்தைந்து. அவளிடம் படித்தவர்களிலேயே மூத்தவள் மரகதவல்லி. பிள்ளைகளைக் கல்லூரிக்கு அனுப்பிவிட்டவள், ஒரு கொரியக் கம்பெனியில் கேன்டீன் பொறுப்பாளர்.

எழுத்துத் தேர்வு என்றால் மரகதவல்லிதான் முதலிடம். வாயைத் திறக்கச் சொன்னால் மட்டும் கொழுக்கட்டை அடைத்துக்கொள்ளும். வாக்கியத்தை மனதுக்குள் தமிழில் செய்து, கொரியத்துக்கு மாற்றி, பிழை பார்த்து முடிப்பதற்குள் பேச்சு வேறெங்கோ போயிருக்கும். பந்தி முடிந்தபின் பரிமாற வருகிற கதைதான்.

அன்று மற்றவர்கள் கிளம்பிய பிறகும் அவள் எழுந்திருக்கவில்லை.

“மிஸ், நாளைக்கு மேனேஜர் கூப்பிட்டிருக்காரு. சமையலை நிறுத்திட்டு வெளியில இருந்து டப்பா சாப்பாடு எடுக்கப் போறாங்களாம். எங்க பொம்பளைங்க அத்தனை பேருக்கும் வேலை போயிரும்.”

“மொழிபெயர்க்க ஆள் இருக்காங்கல்ல?”

“போன தடவை நான் அவ்வளவு சொன்னேன், மொழிபெயர்க்கிறவரு ஒத்தை வரியில முடிச்சுட்டாரு. இந்தத் தடவை நானே பேசறேன்னு சொல்லிட்டேன். மனப்பாடம் பண்ணியிருக்கேன் மிஸ்.”

எழுந்து நின்று, கைகட்டி, கண்ணை மூடி ஒப்பித்தாள். ஒரு பிழை இல்லை. ஆனால் எல்லாம் கொரியச் சரித்திர சீரியல்களில் பொறுக்கியது. மன்னர் மனமிரங்க வேண்டும், அடியவளின் உயிர் தங்கள் பாதங்களில் என்று முடிந்தது.

பெனாசிரால் சிரிப்பை அடக்க முடியவில்லை. “அக்கா, மேனேஜர் தலையில கிரீடம் இருக்கான்னு தடவிப் பார்ப்பாரு.”

மரகதவல்லி அழுகை முட்ட உட்கார்ந்தாள். “எப்பதான் மிஸ் நான் தப்பில்லாம பேசுவேன்?”

பெனாசிர் நாற்காலியை எதிரே இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். பிறகு கொரிய மொழியில் சாவதானமாகச் சொன்னாள்.

“சாம்பார் என்பது காய்கறி மிதக்கும் வெந்நீர்.”

“என்ன மிஸ்?”

“கொரியத்தில் பேசுங்கள். உங்கள் கேன்டீன் சாம்பாரும் அப்படித்தான்.”

மரகதவல்லிக்குச் சுருக்கென்றது. “நீ சாப்பிட்டது இல்லை! சாப்பிடாத ஆள் பேசாதே!”

மிஸ் என்பதும் மறந்தது, மரியாதையும் மறந்தது. வந்தது கொரியம்தான், நொண்டி நொண்டி வந்தது.

“டப்பா சாப்பாடு சுத்தம். விலையும் குறைவு. தினமும் ஒரே ருசி.”

“ஒரே ருசி, ஆஸ்பத்திரி ருசி! யாருக்குச் சர்க்கரை, யார் நோன்பு, டப்பாவுக்குத் தெரியுமா? எனக்குத் தெரியும்!”

“பசித்தால் எதையும் சாப்பிடுவார்கள்.”

“குப்பைத்தொட்டிதான் சாப்பிடும்! பாதி வயிறு வேலை செய்யுமா? மெஷின் பக்கத்தில் மயக்கம் வந்தால் டப்பா வந்து தூக்குமா? உன் ஊர் பிரியாணியை டப்பாவில் அடைத்தால் நீ சும்மா இருப்பாயா?”

பெனாசிர் விடவில்லை. “உங்களுக்கு உங்கள் வேலைதான் முக்கியம்.”

“என் வேலை எடுத்துக்கொள்! எங்கள் கேன்டீன் கோமளா வேலை எடுக்காதே. புருஷன் இல்லை, இரண்டு பிள்ளை!”

மரகதவல்லி முந்தானையை இழுத்துச் செருகியிருந்தாள். மேஜையைத் தட்டிய தட்டில் கீழே டயர்க் கடைக்காரர் மாடியை நிமிர்ந்து பார்த்தார். மரகதவல்லிக்கு உடம்பெல்லாம் ஜிவ்வென்று இருந்தது. நிறுத்த மனமே வரவில்லை.

“அந்த மேனேஜர் நேற்று சாம்பார் இரண்டாம் முறை கேட்டார்! வெந்நீரை எவன் இரண்டு முறை கேட்பான்?”

பெனாசிர் வாயைத் திறந்தாள். மூடினாள். மறுபடி திறந்தாள்.

அப்போதுதான் மரகதவல்லிக்குத் தான் நின்றுகொண்டிருப்பது தெரிந்தது. நாக்கைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

“மன்னிச்சிருங்க மிஸ். எத்தனை தப்பு பண்ணேன்?”

“எண்ணலக்கா.”

“ஏன் மிஸ்?”

“உங்களுக்கு என்ன பதில் சொல்றதுன்னு தேடிக்கிட்டிருந்தேன்.”

மரகதவல்லி பையை எடுத்துக்கொண்டாள். “நாளைக்கு மேனேஜர் எண்ணுவாரே?”

பெனாசிர் எழுந்து மின்விசிறியை நிறுத்தினாள்.

“அவருக்கு எண்ண நேரம் குடுக்காதீங்க.”