குழம்புச் சட்டியும் பத்தியப் பண்டிதரும்

முன்னொரு காலத்தில், சாப்பாட்டு நேரத்தில் வாசல் கதவை யாரும் சாத்தாத அந்த நல்ல காலத்தில், செங்கழனி நாட்டைக் கோதண்ட பூபதி என்றொரு ராஜா ஆண்டுவந்தார். தங்கமான மனுஷர். ஆனால் ஒன்றைப் பிடித்தால் உடும்புப் பிடிதான்.

அவருடைய தம்பி தனஞ்சயன் முப்பது வயதில் விஷக்காய்ச்சல் கண்டு இறந்துபோனான். அன்று ராஜாவின் மனத்தில் புகுந்த சாவு பயம் அப்புறம் வெளியேறவே இல்லை. சோற்றைப் பார்த்தால்கூட, 'இதில் என்ன கெடுதல் இருக்கிறதோ?' என்று கலங்குவார். அந்தச் சமயம் பார்த்து வந்து ஒட்டிக்கொண்டார் பத்தியப் பண்டிதர் சூலபாணி. கேட்க வேண்டுமா?

"புளி ரத்தத்தைச் சுண்டவைக்கும், மகாராஜா!" புளி போயிற்று.

"உப்பு எலும்பை அரிக்கும்!" உப்பும் போயிற்று.

கிழங்கு மண்ணில் கிடந்ததாம், கீரையில் பூச்சி உட்கார்ந்ததாம், பால் கன்றுக்குட்டியின் வயிற்றெரிச்சலாம். கடைசியில் தங்கத் தட்டில் மிஞ்சியது, ஏழு தண்ணீரில் கழுவி வேகவைத்த சுரைக்காய் மட்டும். ராணியோடு உட்கார்ந்து சாப்பிடுவதையும் ராஜா நிறுத்திவிட்டார். அவள் இலையிலிருந்து வரும் தாளிப்பு வாசனை ஆகாதாம்!

ஆறே மாதத்தில் ராஜா துரும்பாக இளைத்துவிட்டார். "ஏன் இப்படி ஆகிறது?" என்று சபையில் கேட்டார்.

பண்டிதர் கண்ணிமைக்காமல் சொன்னார்: "எல்லாம் மடைப்பள்ளி வெள்ளையம்மாளால் வந்த வினை. அவள் கைச் சுத்தம் போதாது. பத்தியத்தில் தோஷம் கலக்கிறது."

வெள்ளையம்மாள், ராஜா சிறுபிள்ளையாக இருந்த நாளிலிருந்து அரண்மனையில் சமைப்பவள். ராஜாவுக்கு அவள்மேல் இருந்த பிரியம் பண்டிதருக்கு நெடுநாள் எரிச்சல். இப்போது பயம் பிரியத்தை ஜெயித்துவிட்டது. "நான்காம் நாள் அவள் நாட்டை விட்டுப் போகட்டும்!" என்றார் ராஜா.

"இந்த அடுப்பை விட்டா எனக்கு ஏது ராசா போக்கிடம்?" என்று அவள் அழுதது யார் காதிலும் ஏறவில்லை.

மந்திரி அறவாழி மட்டும் எழுந்தார். "அரசர் உண்பதை முதலில் ருசி பார்க்க ஒருவர் வேண்டும் என்பது நம் அரண்மனை வழக்கம். பண்டிதரோ ஒரு துண்டைக் கிள்ளி நாக்கில் வைத்துவிட்டுப் போகிறார். அவர் பெருமைக்கு இது போதுமா? மூன்று நாள் அவரே சமைக்கட்டும். அரசருக்குச் சமமாக உட்கார்ந்து, தங்கத் தட்டில் அதையே உண்ணட்டும். இருவர் மேனியும் தேறினால் குற்றம் வெள்ளையம்மாளுடையது."

தங்கத் தட்டு என்றதும் பண்டிதருக்குத் தலைகால் புரியவில்லை. "என் பாக்கியம்!" என்று குதித்து ஒப்புக்கொண்டார்.

முதல் நாள், "ஆகா, அமிர்தம்!" என்றார். இரண்டாம் நாள் சுரைக்காயைத் தட்டின் ஓரமாகத் தள்ளித் தள்ளி வைத்தார். மூன்றாம் நாள் காலை மந்திரி மடைப்பள்ளிக்குப் போய், "வெள்ளையம்மா, நாளை நீ கிளம்ப வேண்டும் என்கிறார்கள். இன்று அடுப்படி ஆட்களுக்கு ஒரு வத்தக்குழம்பு வை" என்றார்.

உச்சி வேளை. நல்லெண்ணெயில் சுண்டைவற்றல் பொரியும் வாசனை கூடம் கூடமாகப் புகுந்து, பண்டிதரின் மூக்கைப் பிடித்து இழுத்தது. "ஒரு மூலிகை பார்த்து வருகிறேன்" என்று எழுந்து போனவர் திரும்பவில்லை. ராஜாவும் மந்திரியும் தேடிப் போனார்கள்.

மடைப்பள்ளியில் பண்டிதர் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். குழம்பு காலியான மண்சட்டியில் சுடுசோற்றைப் போட்டு, வழித்து வழித்துப் பிசைந்துகொண்டிருந்தார். தாடியெல்லாம் குழம்பு.

"பண்டிதரே, புளி ரத்தத்தைச் சுண்டவைக்குமே?" என்றார் மந்திரி.

"சுண்டட்டும் ஐயா, சுண்டட்டும்! மூன்று நாளாக என் உடம்பில் சுரைக்காய்த் தண்ணீர்தான் ஓடுகிறது!"

ராஜா வாளை உருவுவார் என்று எல்லோரும் நடுங்கினார்கள். அவரோ சட்டியையே பார்த்தபடி நின்றார்.

"வாள் பயிற்சி முடிந்ததும் நானும் தம்பியும் இந்த வாசலுக்குத்தான் ஓடிவருவோம். வெள்ளையம்மா சட்டியில் சோறு பிசைந்து உருட்டித் தருவாள். கடைசி உருண்டைக்கு அடித்துக்கொள்வோம். அவனே ஜெயித்தாலும் பாதியைப் பிட்டு என் வாயில் திணிப்பான்." ராஜா மந்திரி பக்கம் திரும்பினார். "அறவாழி, அவன் இதைத் தின்றதாலா செத்தான்?"

"இல்லை மகாராஜா, காய்ச்சலில் போனார். இருந்தவரை சிரித்துக்கொண்டே சாப்பிட்டார்."

ராஜா குழந்தை மாதிரி அழுதார். ஆறு மாதமாக அடைத்துவைத்த அழுகை அது. அழுது முடித்ததும் தம் முத்துமாலையைக் கழற்றி மந்திரியின் கழுத்தில் போட்டார்.

"பண்டிதருக்கு என்ன தண்டனை, மகாராஜா?" என்றான் காவலன்.

"தம் பத்தியத்தைத் தாமே மூன்று நாள் தின்றாரே, அதைவிடவா? இனி ஊர்ப் பந்தியில் பரிமாறட்டும். 'இது ஆகாது' என்று வாய் திறக்கக் கூடாது."

பண்டிதர் சோறு அப்பிய கையோடு தலைகுனிந்தார்.

"வெள்ளையம்மாளை நாடு கடத்தும் உத்தரவு?" என்றான் காவலன் மறுபடி.

"கடத்துவதானால் கூடவே என்னையும் கடத்துங்கள்!"

வெள்ளையம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சட்டியைப் பண்டிதரிடமிருந்து பிடுங்கினாள். "பேச்சு அப்புறம் ஆகட்டும் ராசா. சோறு ஆறுது, கைய நீட்டுங்க."

ராஜா தரையில் உட்கார்ந்து கையை நீட்டினார். உருண்டையை வாயில் போட்டுக் கண்ணை மூடி மென்றார். 

"வெள்ளையம்மா," என்றார் ராஜா, "உப்பு ஒரு கல் குறைச்சல்."