பெயர் இருந்த பள்ளம்

"அவன் செத்துப் பல வருடம் ஆயிற்று, அம்மா. என் வயிற்றெரிச்சல் மட்டும் ஏன் சாகவில்லை?"

மெலந்தா சுண்ணாம்புக் காளவாயின் முன்னால் உட்கார்ந்து கல் உடைத்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்க்கவில்லை.

"யார் செத்தது?"

"பேரரசன்."

"எந்தப் பேரரசன்?"

கேட்டுக்கொண்டு நின்ற கிழவனுக்குக் கோபம் வந்தது. அவன் பெயர் சூராஸ். ரோமாபுரியின் ஆட்சி எல்லை முடிகிற மலை நாட்டுக்காரன். ஒரு காலத்தில் கழுதை ஓட்டிப் பிழைத்தவன். இவளைத் தேடித்தான் மூன்று மலை தாண்டி வந்திருந்தான். அவளோ அவனைவிட வயதில் சின்னவள். ஆனாலும் அந்தப் பக்கத்து ஜனங்கள் மனசு சரியில்லை என்றால் அவளிடம்தான் போனார்கள்.

"எந்தப் பேரரசனா? உங்கள் வீட்டுக்காரரைக் கொன்றது யார்? அவன் சிப்பாய்கள்தானே?"

"ஆமாம். சிப்பாய்கள்."

"அனுப்பினவன் பெயர் தெரியாதா?"

"அப்போது சொன்னார்கள்."

அவள் கூடையிலிருந்து அடுத்த கல்லை எடுத்து மடியில் வைத்தாள். பளிங்குத் தலை. நகரத்துச் சதுக்கங்களில் விழுந்து கிடக்கிற சிலைகளை வண்டியில் ஏற்றி வந்து அவளிடம் கொட்டுவார்கள். அவள் உடைத்துச் சுடுவாள்.

சூராஸ் குனிந்து பார்த்தான்.

"இந்த மூக்கு எனக்குத் தெரியும். அம்மா, இது அவன் தலை!"

"அப்படியா?"

"பொறுங்கள். சுத்தியலைக் கொடுங்கள். நான்..."

அவள் ஒரு போடு போட்டாள். தலை இரண்டாகப் பிளந்தது. இன்னொரு போடு. மூக்கு தனியே போயிற்று.

"நல்ல கல்" என்றாள். "சுண்ணாம்பு வெள்ளையாக வரும்."

சூராஸ் வெறும் கையோடு நின்றான்.

*

"உங்களுக்குத் தூக்கம் வருகிறதா?" என்று அன்று மாலை கேட்டான்.

"வருகிறது."

"எப்படி?"

மெலந்தா யோசித்தாள்.

"என் வீட்டுக்காரருக்கு வெங்காயம் உரித்தால் தும்மல் வரும். ஏழு ஊருக்குக் கேட்கும். அவர் தும்மினால் எங்கள் நாய் குரைக்கும். நாய் குரைத்தால் பக்கத்து வீட்டுக்காரி திட்டுவாள்."

அவள் சிரித்தாள்.

"நான் கேட்டது அது இல்லை" என்றான் சூராஸ்.

"விறகு சுமப்பீர்களா?" என்றாள் அவள்.

சுமந்தான். குளிர்காலம் முழுவதும் சுமந்தான். சுமக்கும்போது இருமினான். கல் தூசி அவன் நெஞ்சில் எப்போதோ இறங்கியிருந்தது.

*

ஒரு நாள் மழை பெய்தது. காளவாயைப் பற்றவைக்க முடியவில்லை.

"உங்கள் கதையைச் சொல்லுங்கள், பெரியவரே" என்றாள் மெலந்தா.

சூராஸ் சொன்னான்.

அவன் மகன் தார்ஸா. இதுபோல் ஒரு மழை நாளில் சந்தைக்குப் போனவன், சதுக்கத்தில் நின்றான். மேலாடை தொப்பலாக நனைந்திருந்தது. காய வைக்க இடம் தேடினான். கை நீட்டிக்கொண்டு ஒரு வெண்கல ஆள் நின்றது. அந்தக் கையில் போட்டான்.

அது பேரரசனின் கை. தன்னைக் கடவுள் என்று கும்பிடச் சொல்லி, ஊருக்கு ஊர் தன் சிலைக்குச் சாம்பிராணி போட வைத்தவன் அவன். கடவுளின் கையில் ஈரத்துணி போட்டது ராஜத் துரோகம் என்றார்கள். மழை விடுவதற்குள் தார்ஸாவைக் கொன்றுவிட்டார்கள்.

"துணி காயக்கூட இல்லை, அம்மா."

மெலந்தா மழை படாமல் விறகை உள்ளே தள்ளி வைத்தாள்.

"அப்புறம் அந்தப் பேரரசனையும் அவன் காவலாளிகளே குத்திப் போட்டார்கள். அவன் பெயரே உலகத்தில் இருக்கக் கூடாதென்று ரோமாபுரியில் தீர்மானம் போட்டார்கள். கல்லில் எங்கெங்கே அவன் பெயர் இருக்கிறதோ அங்கெல்லாம் சுரண்டு என்று உத்தரவு. அரசாங்கத்து ஆட்கள் வந்தார்கள். நகரத்தில் நாலு கல்லைச் சுரண்டினார்கள். சாராயம் குடித்தார்கள். போய்விட்டார்கள். மலைச் சாலையில் இருக்கிற மைல்கல்லெல்லாம் யார் சுரண்டுவது?"

"நீங்கள்."

"நான்தான். எனக்கு எழுத்துத் தெரியாது. ஒரு குமாஸ்தாவின் காலைப் பிடித்து பானை ஓட்டுச்சில்லில் அவன் பெயரை எழுதி வாங்கினேன். அதைக் கல்லோடு ஒத்துப் பார்த்துச் சுரண்டினேன். சில்லு உடைந்து எவ்வளவோ நாளாகிறது. இப்போது இருட்டில் தடவினாலும் விரலுக்குத் தெரியும்."

"அவன் பெயரைச் சொல்லுங்கள்."

சூராஸ் சொன்னான். பட்டங்களோடு சேர்த்துச் சொன்னான். வெற்றி வீரன், தாய்நாட்டின் தந்தை, தலைமைப் பூசாரி என்று மூச்சு விடாமல், ஒன்றும் முன்பின் மாறாமல் சொன்னான். அவ்வளவு நீளமாக ரோமாபுரியில்கூட இப்போது யாருக்கும் சொல்ல வராது.

"உங்கள் மகன் மேலாடை என்ன நிறம்?"

"நனைந்திருந்தது."

"நனைவதற்கு முன்?"

சூராஸ் வாயைத் திறந்தான். மழையைப் பார்த்தான்.

"அவன் அம்மாதான் நெய்தாள்" என்றான் கடைசியில். "அவளுக்குத் தெரிந்திருக்கும். அவளும் போய்விட்டாள்."

*

அந்த நாட்டில் செத்தவர்களைச் சாலையோரம்தான் புதைப்பார்கள். கல் நட்டுப் பெயர் வெட்டுவார்கள். வழியில் போகிறவன் நின்று அந்தப் பெயரை வாய்விட்டுப் படிப்பான். அந்த ஒரு மூச்சு நேரம் செத்தவனுக்கு நிம்மதி என்று நம்பிக்கை. கல் இல்லாத மேட்டில் யாரும் நிற்பதில்லை. ஆடுதான் மேயும்.

"தார்ஸா மேட்டில் கல் இருக்கிறதா?" என்று கேட்டாள் மெலந்தா.

"இல்லை."

"ஏன்?"

"முதலில் அந்தப் பேரரசன் பெயர் போகட்டும், பிறகு என் பிள்ளை பெயர் வரட்டும் என்றிருந்தேன். பிள்ளையின் அம்மாவும் சாகிற வரைக்கும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். இதோ ஆயிற்று, இன்னும் ஒரு மலைதான், இன்னும் ஒரு சாலைதான் என்று சொல்லிக்கொண்டிருந்தேன்."

இருமினான். சட்டைக் கையால் வாயைத் துடைத்தான். துணியில் சிவப்பாக இருந்தது. மறைத்துக்கொண்டான்.

"இப்போது அந்த மேடு எது என்று எனக்கு மட்டும்தான் தெரியும்."

"மழை விட்டதும் ஓரிடத்துக்குப் போகலாம்" என்றாள் மெலந்தா.

*

கணவாய்க்குக் கீழே ஒரு மைல்கல் நின்றது. அதன் நடுவில் ஒரு சாண் நீளத்துக்கு வழவழவென்று ஒரு பள்ளம்.

"என் வேலைதான்" என்றான் சூராஸ். அவன் குரலில் கொஞ்சம் பெருமை இருந்தது.

பள்ளத்தின் அடி விளிம்பு வெள்ளையாகக் காய்ந்திருந்தது. கல்லுக்குக் கீழே பூ வாடிக் கிடந்தது.

ஓர் ஆட்டுக்காரி பால் கலயத்தோடு வந்தாள். சூராஸைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்தது.

"அட, சுரண்டுகிற பெரியவரா! உயிரோடுதான் இருக்கிறீர்களா? அன்றைக்கு இருமின இருமலுக்கு, கணவாய் தாண்ட மாட்டீர்கள் என்று என் புருஷன் பந்தயம் கட்டினான். தோற்றான் கடன்காரன்."

"என்ன செய்கிறாய் நீ?" என்றான் சூராஸ்.

"பார்த்தால் தெரியவில்லையா? ஆடு குட்டி போட்டிருக்கிறது. முதல் பால் சாமிக்கு."

பள்ளத்தில் பாலை விட்டாள். அது வழிந்து கல்லின் அடிக்குப் போயிற்று.

"எந்தச் சாமி?"

"உங்கள் சாமிதான்! முன்னேயெல்லாம் இது வெறும் கல். கழுதை வந்து முதுகு சொறிந்துகொண்டு போகும். நீங்கள்தானே வந்து அழுதுகொண்டே செதுக்கினீர்கள்? இங்கே இருந்த பெயரை இனி ஒருவரும் வாயால் சொல்லக் கூடாதென்று எங்களையெல்லாம் கூட்டிவைத்துச் சொன்னீர்களே!"

"சொன்னேன். அதனால்?"

"வாயால் சொல்லக் கூடாத பெயர் என்றால் சும்மா ஆளா? பக்கத்து ஊர்க்காரர்களும் வருகிறார்கள். அவர்களுக்கும் நீங்கள் போய்ச் சொன்னீர்களாமே."

"அவன் சாமி இல்லை!" சூராஸ் கத்தினான். "கொலைகாரன்! என் பிள்ளையைக் கொன்றவன்!"

ஆட்டுக்காரி கலயத்தைக் கவிழ்த்துக் கடைசிச் சொட்டையும் விட்டாள்.

"இருக்கட்டுமே. கொல்லாத சாமி எது?" என்றாள்.

கும்பிட்டுவிட்டுப் போனாள்.

சூராஸ் கல்லைப் பிடித்துக்கொண்டு நின்றான். கையெல்லாம் பாலாயிற்று.

"அவன் உயிரோடு இருந்தபோது இந்த மலையில் யாராவது அவனுக்குச் சாம்பிராணி போட்டார்களா?" என்று கேட்டாள் மெலந்தா.

"இல்லை."

"ஏன்?"

"அவன் யார் என்றே இவர்களுக்குத் தெரியாது."

சொன்ன பிறகு அவன் அவளைப் பார்க்கவில்லை. அவளுக்கு முன்னால் திரும்பி நடந்தான்.

*

மறுநாள் காலையில் அவனே வந்து நின்றான்.

"ஒரு கல் கொடுங்கள், அம்மா. தார்ஸாவுக்கு."

மெலந்தா குவியலில் தேடி, உடையாத பலகைக்கல் ஒன்றை எடுத்தாள். சாலையோரம் நிறுத்தினாள்.

"பெயர் வெட்டத் தெரியுமா?"

"இத்தனை வருடம் உளி பிடித்த கை இது."

கரித்துண்டு எடுத்து அவள் எழுதினாள். கொஞ்சம் கோணலாக, பெரிய எழுத்தில். எழுதி முடித்து வாய்விட்டுப் படித்தாள்.

"தார்ஸா."

சூராஸ் உதடு அசைந்தது. தன் பிள்ளையின் பெயரைக் கல்லில் அவன் பார்ப்பது அதுதான் முதல் தடவை. அதில் ஒரு கோடுகூட அவனுக்குப் புரியவில்லை.

"நாளைக்குக் கழுதையில் ஏற்றிவிடலாம்" என்றான். "அவன் மேடு இருக்கிற சாலை பெரியது. ஆள் நடமாட்டம் அதிகம். நிறையப் பேர் படிப்பார்கள், இல்லையா அம்மா?"

"படிப்பார்கள்."

அவள் காளவாய்க்குப் போனாள். அவன் உளியை எடுத்தான்.

சுரண்டுவதற்கான தட்டை உளி. அவனிடம் இருந்தது அது ஒன்றுதான்.

முதல் கோட்டின் மேல் வைத்துத் தட்டினான். உளி ஆழமாகப் போகவில்லை. கல் பக்கவாட்டில் செதிலாகப் பெயர்ந்தது. பெயர்ந்த இடத்தைச் சரி செய்யப் பக்கத்தில் தட்டினான். அங்கும் பெயர்ந்தது. மேடாக நின்றதைச் சமப்படுத்தினான். கரி கலைந்தது. அடுத்த எழுத்தையாவது பத்திரமாக வெட்டலாம் என்று போனான். கை அதுவாகவே சாய்ந்தது. உளி படுத்துக்கொண்டு ஓடியது. எத்தனையோ மலைகளில் ஓடின ஓட்டம். தடுமாற்றமே இல்லை.

இருமல் வந்தது. கண்ணில் நீர் நிறைந்தது. கண்ணை மூடிக்கொண்டே தட்டினான். கைதான் பழகின கையாயிற்றே.

பொழுது சாய்ந்தபோது சத்தம் நின்றது.

மெலந்தா வந்து பார்த்தாள்.

கல்லின் நடுவில் ஒரு சாண் நீளத்துக்கு வழவழவென்று ஒரு பள்ளம் இருந்தது.

சூராஸ் அதைத் தடவிக்கொண்டே இருந்தான். ஓரம் ஓரமாகத் தடவினான். விரல் எந்த எழுத்திலும் மாட்டவில்லை.

"வேறு கல் இருக்கிறதா, அம்மா?"

"கல் நிறைய இருக்கிறது."

அவள் அவன் சட்டைக் கையைப் பார்த்தாள். முழங்கை வரை சிவப்பு.

சாலையில் மணி ஒலித்தது. ஆட்டுக்காரி பால் கலயத்தோடு மந்தையை ஓட்டிக்கொண்டு வந்தாள். கல்லைப் பார்த்ததும் நின்றாள். பள்ளத்தைப் பார்த்தாள். முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டாள்.

"இதுவும் அவருக்குத்தானா, பெரியவரே?"

சூராஸ் வாயைத் திறந்தான். இருமல்தான் வந்தது.

அவள் கொஞ்ச நேரம் காத்திருந்தாள். பிறகு கலயத்தைச் சாய்த்துப் பாலை ஊற்றினாள்.