வழிநீர்

கயிறு பிடித்து நின்றவர்களில் நானும் ஒருவன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசியில் சொன்னால் மறைத்துவிட்டான் என்பீர்கள்.

மலைநாடு, வயல்நாடு, கரைநாடு மூன்றுக்கும் ஒரே ஆறு. அந்தக் கோடையில் பேதி நோய் மலைநாட்டில் தொடங்கி, ஆற்றோடு இறங்கி, மூன்று நாட்டையும் பிடித்துக்கொண்டது. காலையில் ஏர் பூட்டியவன் சாயங்காலம் இல்லை. மூன்று அரசுகளும் எதிலும் ஒத்துப்போனதில்லை. இதில் மட்டும் ஒத்துப்போய், ஒரே நாளில் எல்லையை மூடின.

எல்லைகள் மூன்றும் கூடுகிற இடத்தில், ஆற்று நடுவே ஒரு மணல்திட்டு உண்டு. அது யாருக்கும் சொந்தமில்லை. வழியில் நோய் கண்டு விழுந்த வெளிநாட்டுக்காரர்களை எல்லாம் கொண்டுவந்து அங்கே ஓர் ஓலைப் பந்தலில் போட்டார்கள். திட்டைச் சுற்றி மூன்று பக்கமும் கயிறு. பக்கத்துக்குப் பத்துக் காவலர். நான் வயல்நாட்டுப் பக்கம். உள்ளே போனவன் நோய் ஓயும்வரை வெளியே வரக் கூடாது என்பது உத்தரவு.

அந்த உத்தரவைக் கேட்டுவிட்டு, "சரிப்பா, வழி விடு" என்று உள்ளே போனவர்கள் இரண்டே பேர்.

ஒருவர் பூரணத்தம்மாள். நாற்பது வயது இருக்கும். வைத்தியம் பார்க்கிறவர். எந்த ஊர் என்று கேட்டதற்கு, "தண்ணி குடிக்கிற ஊர்தான்" என்றார். இன்னொருவர் திரவியம். அறுபதைத் தாண்டியவர். கரைநாட்டு அரண்மனை வைத்தியராக இருந்துவிட்டு, பல் விழுந்த வயதில் அந்த அம்மாளிடம் சீடனாகச் சேர்ந்தவர். நாங்கள் சிரித்தோம். அவர் கண்டுகொள்ளவில்லை.

அவர் ஏன் சேர்ந்தார் என்பதை அவரே சொல்லிக் கேட்டிருக்கிறேன். அதற்கு எங்கள் பக்கத்து வழக்கம் ஒன்று தெரிந்திருக்க வேண்டும்.

சாகிறவர் வாயில் ஆற்றுத் தண்ணீர் விடுவோம். போகிற வழிக்கு ஆகும் என்று அதற்கு வழிநீர் என்று பெயர். குழந்தைக்குப் பால் புகட்டுகிற பாலாடையில் எடுத்து, சொந்தக்காரர் ஒவ்வொருவரும் விடவேண்டும். விட்டவர், உயிர் போகும்வரை அந்த இடத்தைவிட்டு எழுந்திருக்கக் கூடாது. வாய் உலர்ந்தால் மறுபடி விடவேண்டும். அந்நியன் விடக் கூடாது. விட்டால் அவனும் சொந்தக்காரன் ஆகிவிடுவான். மூன்று நாட்டிலும் இதுதான் முறை. "உனக்கு வழிநீர் விட ஆளில்லாமப் போகட்டும்" என்று ஒருவர் திட்டிவிட்டால் அந்த இரண்டு குடும்பமும் தலைமுறைக்கும் பேசிக்கொள்ளாது.

அந்த ஆற்றுத் தண்ணீரில்தான் நோய் இருந்தது. ஒருவருக்கு வழிநீர் விடப்போன வீட்டில், அதே கையோடு சாப்பிட்ட நாலு பேர் மறுநாள் படுத்தார்கள்.

திரவியம் படித்தவர். சட்டென்று பிடித்துவிட்டார். காவலரைக் கூட்டிக்கொண்டு வீடு வீடாகப் போய்ப் பாலாடைகளைப் பிடுங்கினார். ஜனங்கள் நோயாளியை வைக்கோல் போருக்குள் ஒளித்துவைத்து, உள்ளங்கையில் தண்ணீர் எடுத்து விட்டார்கள். ஒரே தெருவில் பதினேழு பேர் போனார்கள். பிடுங்கிய பாலாடைகள் அரண்மனையில் ஒரு சாக்கில் கிடந்தன. அதைப் பார்த்த அன்றைக்கு அவர் வேலையை விட்டார்.

திட்டுக்கு வந்த முதல் நாளே அவர் அம்மாளிடம் கேட்டார்.

"அம்மா, இந்த வழக்கத்தை எப்படி நிறுத்துறது?"

"எதுக்கு நிறுத்தணும்?"

"விஷத்தை வாயில ஊத்துறாங்களே."

அம்மாள் ஆற்றில் ஒரு பானை மொண்டு அடுப்பில் வைத்தார். நன்றாகக் கொதிக்கவிட்டு இறக்கினார். ஆறியதும் செம்புக்கு மூன்று விரல் அள்ளு உப்பு, ஒரு சின்னப் பிடி வெல்லம் போட்டுக் கலக்கினார்.

"ருசி பாருங்க, வைத்தியரே. கண்ணீர் அளவுதான் கரிக்கணும். அதுக்கு மேல போச்சுன்னா கொட்டிடுங்க."

அவர் நாக்கில் வைத்துப் பார்த்தார். "சரியா இருக்கு."

"இது எந்தத் தண்ணி?"

"ஆத்துத் தண்ணிதான்."

"அப்பச் சரி" என்றார் அம்மாள்.

மூன்றாம் நாள் விடிந்து கொஞ்ச நேரத்தில் ஒரு மாட்டுவண்டி வந்தது. செண்பகம் என்று ஒரு மலைநாட்டுக்காரி. பிள்ளை பெற்ற மகளைப் பார்க்க எல்லைக் காவலுக்குத் தெரியாமல் எங்கள் நாட்டுக்கு வந்தவள், மகள் வீட்டுக்கு அரைக் காதம் இருக்கும்போது விழுந்துவிட்டாள். வண்டிக்காரன் அவளை மணலில் இறக்கிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனான். கண் குழிக்குள் போயிருந்தது. புறங்கைத் தோலைக் கிள்ளினால் கிள்ளியபடியே நின்றது.

வண்டிக்குப் பின்னாலேயே, செய்தி கேட்டு மகள் ஓடிவந்தாள். கனி என்று பெயர். இடுப்பில் நாற்பது நாள் குழந்தை. கயிற்றுக்குக் கீழே குனிந்தாள். நான்தான் அவள் தோளைப் பிடித்து நிறுத்தினேன்.

"விடுங்கண்ணே. எங்க அம்மா."

"கைக்குழந்தையோட உள்ள போனா ரெண்டும் போயிரும்மா."

அவளுக்கும் அது தெரியும். முந்தானையில் முடிந்திருந்த பாலாடையை எடுத்தாள். தன் பிள்ளைக்குப் பால் புகட்டுகிற பாலாடை. "இதையாவது உள்ள கொடுங்க. அம்மாவுக்கு வழிநீர் இதுல விடச் சொல்லுங்க. வேற யாரும் இல்லை அவளுக்கு."

நான் அதைக் கயிற்றுக்கு மேலே நீட்டினேன். திரவியம் வந்து வாங்கிக்கொண்டு போனார். கயிற்றுக்கும் அவர்களுக்கும் இருபது அடிகூட இல்லை. பேசியது எல்லாம் கேட்டது.

"அம்மா, பந்தல்ல நாப்பது பேர் கிடக்காங்க. நம்ம கை நாலு. வெளியே மூணு நாடு பூரா இதே கதை. இது எப்படிப் போதும்?"

"அவளுக்கு ஒரு பாலாடை கொடுங்க."

கொடுத்தார். செண்பகம் அப்படியே வாந்தி எடுத்தாள்.

"வெளியே வந்துருச்சு."

"அப்ப இன்னொண்ணு கொடுங்க. மெதுவா."

"எத்தனை கொடுக்கிறது?"

"உடம்பை விட்டுப் போனது அத்தனையும் திரும்பி வரணும்."

"பொழுது சாயும்வரைக்கும் ஆகுமே. அதுவரைக்கும் மத்தவங்களுக்கு யாரு கொடுப்பா?"

அம்மாள் எழுந்தார். எங்கள் மூன்று கயிற்றையும் ஒருதரம் பார்த்தார். கத்தவில்லை, கும்பிடவில்லை. பக்கத்து வீட்டில் தீ கேட்பதுபோல்தான் சொன்னார்.

"தம்பிகளா, இங்க நாப்பது பேருக்கு வழிநீர் விட ஆளில்லை."

சொல்லிவிட்டு உட்கார்ந்து அடுத்த நோயாளியின் தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார்.

முப்பது பேர் நின்றோம். அதற்கு முந்தின வாரம்தான், நோயைக் கொண்டுவந்தது யார் என்று மலைநாட்டுக்காரர்களும் கரைநாட்டுக்காரர்களும் கல்லெறிந்துகொண்டார்கள்.

முதலில் போனவன் நான் என்று சொல்ல எனக்கு ஆசைதான். நான் இல்லை. கரைநாட்டுப் பக்கம் சடையன் என்று ஒரு கிழட்டுக் காவலன் இருந்தான். எந்நேரமும் முனகிக்கொண்டே இருப்பான். அவன் தடியை மணலில் குத்திவைத்துவிட்டுக் கயிற்றைத் தாண்டினான்.

அவன் தலைவன் கரையிலிருந்து கத்தினான். "சடையா, உத்தரவு என்னன்னு தெரியும்ல?"

"தெரியும் தலைவரே. உள்ள போனவன் வெளியே வரக் கூடாதுன்னுதான் உத்தரவு. உள்ள போகக் கூடாதுன்னு யாரும் சொல்லலையே."

சடையன் நேராகச் செண்பகத்திடம் வந்தான்.

"கொடுங்க வைத்தியரே, நான் விடுறேன். எனக்கு ஏழு அக்கா. எட்டாவதா இதுவும் இருந்துட்டுப் போகட்டும்."

"முதல்ல கை" என்றார் அம்மாள். சாம்பல் சட்டியைக் காட்டினார். அவன் முழங்கைவரை தேய்த்துக் காய்ச்சிய தண்ணீரில் அலசிவிட்டு வந்து உட்கார்ந்தான்.

அடுத்து மலைநாட்டுக் காவலன் ஒருவன் வந்தான். கல்லெறிந்தவர்களில் ஒருவன் அவன். சடையனுக்குப் பக்கத்தில் உட்கார இடம் தேடினான். சடையன் கொஞ்சம் நகர்ந்துகொண்டான்.

கனி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். கயிறு என் கையில்தான் இருந்தது. விட்டேன். எனக்குப் பயம் இல்லை என்று சொன்னால் பொய். என் வீட்டில் இரண்டு பெண்பிள்ளைகள்.

எனக்குப் பின்னால் எட்டுப் பேர் வந்தார்கள். அவர்கள் ஆளுக்கு நாலைந்து நோயாளிகளுக்கு நடுவில் உட்கார்ந்தார்கள். செண்பகம் ரொம்ப மோசம் என்பதால் அவளிடம் நாங்கள் மூன்று பேர், நான் தலைமாட்டில்.

ஒரு பாலாடை விட வேண்டும். விழுங்குகிறாளா என்று பார்க்க வேண்டும். மறுபடி ஒரு பாலாடை. சடையன் விடுவான், பிறகு மலைநாட்டான், பிறகு நான். வாந்தி எடுத்தால் கொஞ்சம் பொறுத்துத் தொடங்குவோம். கழிந்ததை அள்ளிக் குழியில் போட்டுச் சுண்ணாம்பு தூவ வேண்டும், கையைத் தேய்க்க வேண்டும், திரும்ப வந்து உட்கார வேண்டும். அந்த வேலைக்கு எழுந்திருப்பது எழுந்திருப்பதில் சேராது என்று அம்மாள் தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

எங்கள் ஊரில் வழிநீர் என்றால் மூன்று பாலாடை, நாலு பாலாடை. அதற்குள் முடிந்துவிடும். நாங்களும் அதற்குத்தான் காத்திருந்தோம். மறைப்பானேன், செண்பகம் சாகத்தான் காத்திருந்தோம். வெயில் ஏறியது. பானை தீர்ந்தது. இன்னொரு பானை வந்தது. அவள் சாகவில்லை.

உச்சி வேளையில் மலைநாட்டான் மெதுவாகச் சொன்னான். "நான் இவ்வளவு நேரம் உட்கார்ந்ததே இல்லை."

"யாருக்கும் இவ்வளவு நேரம் ஆனதில்லைப்பா" என்றான் சடையன்.

பொழுது மேற்கே சாய்ந்தபோது திரவியம் வந்து அவள் புறங்கைத் தோலைக் கிள்ளிப் பார்த்தார். அது திரும்பிப் போய்ப் படிந்தது. அவர் இன்னொரு கையையும் கிள்ளிப் பார்த்தார். பிறகு அந்தக் கையை விடாமல் பிடித்துக்கொண்டு அப்படியே இருந்தார்.

செண்பகம் கண்ணைத் திறந்தாள். எங்கள் மூன்று பேர் முகத்தையும் பார்த்தாள். உதடு அசைந்தது.

"கனி எங்க?"

நான் கையைக் காட்டினேன். கயிறு கிடந்த இடத்துக்கு அந்தப் பக்கம் கனி பிள்ளையைத் தூக்கிக் காட்டினாள். செண்பகத்தின் கண்ணில் தண்ணீர் வந்தது. காலையில் அந்த உடம்பில் அழக்கூடச் சொட்டுத் தண்ணீர் இல்லை. நாங்கள் மூன்று பேரும் பாலாடை பாலாடையாக விட்டது கண்வழியாக வருகிறது. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துப்போயிற்று. இப்போது சொல்லும்போதும் சிலிர்க்கிறது. சடையன் ஒரு விரலால் அந்தக் கண்ணீரைத் தொட்டுப் பார்த்தான்.

அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தேன். மூன்று கரையிலும் ஜனங்கள் நின்றார்கள். மலைநாட்டுக் கம்பளிக்காரர்கள், எங்கள் ஊர்ப் பெண்கள், கரைநாட்டு வலைக்காரர்கள். யார் சொல்லி வந்தார்களோ தெரியாது. பகல் முழுவதும் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார்கள். ஒவ்வொருவர் கையிலும் ஒரு பாலாடை. ஆற்றில் முழங்கால் தண்ணீர்தான். யாராவது ஒருவர் கால் வைத்தால் போதும், அத்தனை பேரும் இறங்கிவிடுவார்கள் போலிருந்தது. கயிற்றைப் பிடிக்க மிச்சமிருந்த காவலரும் கயிற்றைப் பார்க்காமல் எங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

திரவியம் அதைப் பார்த்தார்.

"அம்மா, எந்த நாட்டுக்காரங்களை முதல்ல விடுறது?"

"சாம்பல் போட்டுக் கையைத் தேய்ச்சவங்களை."

அம்மாள் அடுத்த பானைக்கு உப்பு அள்ளிக்கொண்டிருந்தார். சடையன் காலைத் தேய்த்துவிட்டுக்கொண்டு அவரிடம் திரும்பினான். பாவம், காலையிலிருந்து சம்மணம் போட்ட கால். முறை தவறாத மனிதன்.

"அம்மா, வழிநீர் விட்டவன் உயிர் போகும்வரைக்கும் எழுந்திருக்கக் கூடாது."

"ஆமா."

"இவளுக்கு உயிர் போகலையே. இப்ப நாங்க எப்படி எழுந்திருக்கிறது?"

திரவியம் அம்மாள் முகத்தைப் பார்த்தார். நாங்களும் பார்த்தோம். அவர் உப்பைப் பானையில் போட்டு, ஒரு சொட்டு எடுத்து நாக்கில் வைத்து, சரியாக இருக்கிறதா என்று பார்த்தார். பிறகு பானையைச் சடையனுக்குப் பக்கத்தில் நகர்த்திவைத்தார்.

"எழுந்திருக்கச் சொன்னது யாரு, தம்பி?"