மடையில் ஒளித்த கல்

ஒரு காட்டில் நடந்ததாக இதை எனக்குச் சொன்னது ஒரு கொக்கு. பல வருடங்களாக நான் இதை நம்பவில்லை, குழந்தைகளே. காட்டுப்பன்றி ஒன்று தன் முடிவை மாற்றிக்கொண்டது என்றால் யார்தான் நம்புவார்கள்? இருந்தாலும் கேட்டபடியே சொல்கிறேன்.

அந்தக் காட்டின் நடுவே ஒரு வாய்க்கால் ஓடியது. அது யாருக்கும் சொந்தமில்லை. வேண்டியவர்கள் மடை திறந்து தண்ணீர் எடுத்துக்கொண்டார்கள். மாதம் ஒரு நாள், மனமுள்ளவர்கள் கூடி அதைச் செப்பனிட்டார்கள். நீர்நாய் முன்னின்று நடத்தியது.

காட்டுப்பன்றியின் கிழங்குத் தோட்டமும் அந்தத் தண்ணீரில்தான் விளைந்தது. அங்கே, உடம்பெல்லாம் செதில் கொண்ட ஓர் அழுங்கு வேலை பார்த்தது. மண் தோண்டுவதில் அதை மிஞ்ச ஆளில்லை.

எல்லோருடைய மடையிலும் ஒரே தொல்லை. தண்ணீர் மண்ணை அரித்துக்கொண்டு போய்விடும். அழுங்கு யோசித்து, தோட்டத்து மடையின் அடியில் ஒரு தட்டைக் கல்லைப் பதித்தது. அரிப்பு நின்றது.

"முதலாளி, மாதம் ஒரு நாள் என்னை வாய்க்கால் வேலைக்கு விடுங்கள். எல்லா மடைக்கும் இப்படிக் கல் பதித்துவிடலாம்."

"நல்ல கதையாக இருக்கிறதே! என் கிழங்கைத் தின்றுவிட்டு ஊருக்கு மண் தோண்டுவாயா? அப்புறம் பக்கத்து முள்ளம்பன்றியின் தோட்டமும் செழித்துவிடுமே! கல்லை இலை போட்டு மூடு" என்றது பன்றி.

அழுங்கு மூடியது.

அடுத்த மாதம் வாய்க்காலை ஒரு சாண் ஆழப்படுத்தினார்கள். தண்ணீர் கீழே இறங்கிவிட்டது; மற்றவர்கள் மண் மடைகளை வெட்டித் தாழ்த்திக்கொண்டார்கள். பன்றியின் கல் மட்டும் படிக்கட்டுபோல மேலே நின்றது. தோட்டத்துக்குள் ஒரு சொட்டு வரவில்லை. கல்லைப் பெயர்த்துத் தாழ்த்திப் பதிக்க அழுங்குக்கு மூன்று நாள் ஆயிற்று.

மறு மாதம் வாய்க்காலின் வளைவை நேராக்கினார்கள்; கல் தண்ணீரை விட்டு விலகிவிட்டது. மறுபடியும் மூன்று நாள். அதற்கடுத்த மாதம் இன்னும் ஆழம். அப்போது கடும் கோடை. கிழங்குக் கொடிகள் வாடிச் சுருண்டன.

பன்றி உறுமிக்கொண்டே நீர்நாயிடம் ஓடியது. "என்னைக் கேட்காமல் எப்படித் தோண்டலாம்? என் கல் என்ன ஆவது?"

"எந்தக் கல்?"

"மடையில் வைத்திருக்கிறேனே!"

"இலை போட்டு மூடி வைத்துவிட்டு எங்களைக் கேட்டால் எப்படி அண்ணே?" என்றது நீர்நாய். கரையில் நின்றவர்கள் சிரித்தார்கள்.

பன்றி தோட்டத்துக்குத் திரும்பியபோது அழுங்கு வழியில் நின்றது.

"முதலாளி, இன்னும் ஒரு முறை தண்ணீர் நின்றால் கொடி பிழைக்காது. நாளை நான் வாய்க்காலுக்குப் போகிறேன். வேலையை விட்டு நிறுத்தினாலும் போவேன்."

பன்றி மண்ணைக் கிளறியது. கொடிகளைப் பார்த்தது.

"போய்த் தொலை. ஆனால், கல் வைக்கும் யோசனை எங்கள் தோட்டத்துடையது என்று உரக்கச் சொல்லிவிடு!"

அழுங்கு சொன்னது. ஒவ்வொரு மடையிலும் கல் பதிந்தது. முள்ளம்பன்றி வந்து பார்த்து, "கல் சாய்கிறதே" என்று இரண்டு பக்கமும் முளை அடித்துக் கொடுத்தது. பன்றியின் மடைக்கும் சேர்த்துத்தான்.

அடுத்த முறை ஆழப்படுத்தியவர்கள் கற்களையும் தாங்களே தாழ்த்தினார்கள். பன்றியின் தோட்டத்துக்கு வரும் தண்ணீர் அதன்பின் ஒரு நாளும் தடைபடவில்லை. அழுங்கு கல்லைப் பெயர்க்கப் போகாமல் கிழங்கு தோண்டிக்கொண்டிருந்தது.

இவ்வளவுதான் கொக்கு சொன்னது. போன மழைக்காலத்தில் அதை மறுபடி பார்த்தேன். பன்றி தன் கிழங்குக்காகத்தானே மாறியது, அதனால் இப்போது நம்புகிறேன் என்றேன். பிறகு, இத்தனை நாள் கேட்காமல் விட்டதைக் கேட்டேன்:

"அந்த வாய்க்காலில்தானே நீ தினமும் மீன் பிடித்தாய்? நீ எத்தனை கல் வைத்தாய்?"

கொக்கு சிறகை விரித்துப் பறந்துவிட்டது.

நீதி: எல்லோரும் பயன்படுத்தும் ஒன்றில் நீ கண்ட திருத்தத்தை எல்லோருக்கும் கொடுத்துவிடு, ஒளித்து வைத்தால் அதைக் காலமெல்லாம் நீ ஒருவனே சுமக்க வேண்டும்.