மூன்றாவது போஸ்டர்

"மேடம், எனக்குன்னு ஒரு ஸ்டைல் எப்ப வரும்?" என்று கேட்டார் அருள்தாஸ்.

அவருக்கு முப்பத்தெட்டு வயது. திருச்சியில் பதினோரு வருடம் ஃப்ளெக்ஸ் பேனர் கடையில் வேலை பார்த்துவிட்டு, கல்லூரியில் கிராஃபிக் டிசைன் முதலாமாண்டு சேர்ந்திருந்தார். ஆசிரியை நாச்சியார் அவரைவிட ஒன்பது வயது சின்னவர்.

நாச்சியார் வகுப்பு வாசலில் நின்றிருந்த பாக்கியத்தை உள்ளே கூப்பிட்டார்.

பாக்கியம் அந்தக் கல்லூரியைக் கூட்டிப் பெருக்குகிறவர். அவருடைய கணவர் சின்னச்சாமிக்கு இரண்டு வருடமாக ஞாபகம் தப்பிக்கொண்டிருந்தது. முந்தின நாள் காலையில் வெளியே போனவர் வீடு திரும்பவில்லை. போலீசில் சொல்லியாகிவிட்டது. பாக்கியத்தின் செல்போனில் ஒரு போட்டோ இருந்தது.

"இவருக்கு ஒரு போஸ்டர் பண்ணுங்க," என்றார் நாச்சியார்.

அருள்தாஸ் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து செய்தார். கிழிந்த காகிதம் போலப் பின்னணி. சிவப்பில் நிழல் விழுந்த எழுத்துகள். நடுவில் தங்க விளிம்பு வைத்த வட்டம், வட்டத்துக்குள் சின்னச்சாமி.

வகுப்பில் எல்லோரும் நன்றாக இருப்பதாகச் சொன்னார்கள்.

நாச்சியார் அதை அச்செடுத்து, கல்லூரிக்கு எதிரே பஸ் ஸ்டாப் சுவரில் தானே ஒட்டினார். அருள்தாஸை முந்தின ஸ்டாப்புக்குப் போய் பஸ் ஏறச் சொன்னார். இந்தச் சுவரைத் தாண்டியதும், பக்கத்தில் இருப்பவரிடம் சுவரில் என்ன பார்த்தார் என்று கேட்டு வரச் சொன்னார்.

அருள்தாஸ் போனார். ஜன்னலோரம் இருந்தவரிடம் கேட்டார்.

"ஏதோ கோச்சிங் சென்டர் விளம்பரம்," என்றார் அவர்.

அருள்தாஸ் அடுத்த ஸ்டாப்பில் இறங்கி நடந்தே திரும்பினார். வரும் வழியெல்லாம் அவருக்கு அந்த ஆள்மேல் கோபமாக இருந்தது. கல்லூரி வாசலில் பாக்கியம் உட்கார்ந்திருந்தார். காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை என்று வாட்ச்மேன் சொன்னார். அதற்குமேல் கோபம் நிற்கவில்லை.

கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து பின்னணியை எடுத்தார். நிழலை எடுத்தார். வட்டத்தையும் எடுத்தார்.

பாக்கியத்தைக் கூப்பிட்டு, அவர் கணவரை எதை வைத்து அடையாளம் கண்டுபிடிக்கலாம் என்று கேட்டார். இடது புருவத்துக்கு மேலே ஒரு தழும்பு இருக்கிறது என்றார் பாக்கியம். தழும்பு தெரிகிற அளவுக்கு முகத்தைப் பெரிதாக்கினார் அருள்தாஸ். மேலே 'காணவில்லை'. கீழே பெயர், போன் நம்பர்.

இரண்டாவது போஸ்டரை நாச்சியாரிடம் கொண்டுபோய் நீட்டினார்.

நாச்சியார் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு வலது பக்க ஓரத்தில் தன் கட்டைவிரலை வைத்து மறைத்தார்.

விரலுக்கு அடியில் 'டிசைன்: அருள்தாஸ்' என்று சின்னதாக இருந்தது. பேனர் கடைப் பழக்கம். போட்டதே அவருக்கு நினைவில்லை.

அதையும் எடுத்தார். போன் நம்பர் இன்னும் கொஞ்சம் பெரிதானது.

மூன்றாவது போஸ்டரை இருநூறு பிரதி, கறுப்பு வெள்ளையில் எடுத்தார்கள். வகுப்பே போய் ஒட்டியது. மிச்சத்தை வெளியூர் பஸ் கண்டக்டர்களிடம் கொடுத்து, போகிற ஊர்களில் ஒட்டச் சொன்னார்கள்.

இரண்டு நாள் யாரும் கூப்பிடவில்லை. அருள்தாஸ் வகுப்புக்கு வந்தார், பாடம் காதில் ஏறவில்லை. போஸ்டரில் எதையாவது தப்பாக எடுத்துவிட்டோமோ என்று நினைத்துக்கொண்டே இருந்தார்.

மூன்றாம் நாள் மத்தியானம் மணப்பாறை பஸ் ஸ்டாண்டிலிருந்து ஒரு பூக்காரம்மா பாக்கியத்துக்குப் போன் செய்தார்.

அருள்தாஸ்தான் பாக்கியத்தைக் கூட்டிக்கொண்டு போனார். சின்னச்சாமி பூக்கூடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பாக்கியம் அருகே போய் உட்கார்ந்து, அவர் சட்டைப் பொத்தானைச் சரியாகப் போட்டுவிட்டார். சின்னச்சாமி, ஏன் இவ்வளவு நேரம் என்று கேட்டார்.

அருள்தாஸ் பூக்காரம்மாவுக்கு நன்றி சொன்னார். கிளம்பப் போனவர், கேட்காமல் இருக்க முடியாமல் திரும்பினார்.

"அக்கா, அந்தப் போஸ்டர் எப்படி இருந்துச்சு?"

பூக்காரம்மா பூ கட்டுவதை நிறுத்தி யோசித்தார்.

"போஸ்டரா? அதெல்லாம் நான் கவனிக்கலைங்க. செவுத்துல இவரைத்தான் பார்த்தேன்."