குருவி கத்தும் இடம்

தவசிமுத்துவின் வாட்ச் மறுபடியும் கத்தியது. அவன் நின்று, வாட்சைக் கட்டியிருந்த கையையே ஓங்கித் தொடையில் அடித்தான்.

முன்னால் போன கூட்டத்தில் ஒருவர் திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னார்.

"அண்ணாச்சிக்குக் குருவி கத்திட்டு."

தூத்துக்குடி உப்பளச் சாலையில் ஓடுகிற அந்தக் கூட்டத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் நெஞ்சு வெடிக்க ஓடுவார்கள். மறுநாள் காலையில் அதே ஆட்கள் உடம்பு தேறுவதற்காக மெதுவாக ஓடுவார்கள். இதயத்துடிப்பு இதற்கு மேல் போகக் கூடாது என்று ஆளுக்கு ஓர் எல்லை வைத்து, அதை அவரவர் வாட்சில் ஏற்றியிருந்தாள் கோச் ஜெனோவா. எல்லை தாண்டினால் வாட்ச் குருவி மாதிரி கீச்சென்று கத்தும். கத்தினால், துடிப்பு இறங்குகிற வரைக்கும் நடந்துதான் போக வேண்டும். எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும் சரி.

தவசிமுத்து டெங்கு வந்து எழுந்தவன். ஒரு திங்கட்கிழமையாவது குருவி கத்தாமல் ஓடி முடித்தால்தான் ஞாயிறு ஓட்டத்தில் சேர்த்துக்கொள்வேன் என்று ஜெனோவா கறாராகச் சொல்லிவிட்டாள். மஸ்கட்டில் பாதி ஆயுளைக் கழித்துவிட்டு ஊரோடு வந்தவனுக்கு அந்த ஞாயிறு ஓட்டத்தை விட்டால் போக்கிடம் கிடையாது. நாலு பேர் அவனை அண்ணாச்சி என்று கூப்பிடுவதும் அங்கேதான்.

அறுபது தாண்டிய லூர்து சார், தொந்தி குலுங்க, ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டு அவனைத் தாண்டிப் போனார். போகிறபோது, "மெதுவா வாங்க, உப்பு எங்கேயும் ஓடிப் போயிராது" என்று ஒரு வார்த்தையும் போட்டுவிட்டுப் போனார். தவசிமுத்துவுக்கு உச்சந்தலை வரைக்கும் எரிந்தது.

ஜெனோவா சாலை முடிவில் ஸ்கூட்டரில் சாய்ந்துகொண்டு வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தாள். நேராக அவள் முன்னால் போய் நின்று கொட்டித் தீர்த்தான். வாட்ச் தண்டம் என்றான். அவள் நடை பழகிக்கொண்டிருந்த காலத்தில் தான் கல்லூரிக்காக ஓடிக் கோப்பை வாங்கிக் கொடுத்தவன் என்றான். நடக்கிற ஆட்டைவிட மெதுவாக ஓடியும் கத்தினால் இனி தவழ்ந்துதான் போக வேண்டும் என்றான். அவள் கடலையைத் தின்றுகொண்டே எல்லாவற்றையும் கேட்டாள்.

"ஒரே ஒரு பதில் சொல்லுங்க கோச். சும்மா காத்து வாங்கப் போற மாதிரிதான் இருக்குன்னு என் உடம்பு சொல்லுது. சாகப் போறேன்னு இது கத்துது. எது நெசம்?"

ஜெனோவா கையைத் தட்டித் தோலை உதறினாள்.

"அடுத்த திங்கக்கிழமை உங்ககூட நானும் ஓடுதேன் அண்ணாச்சி."

அடுத்த திங்கட்கிழமை, துடிப்பை எண்ணுகிற பட்டையை அவன் நெஞ்சிலேயே விட்டுவிட்டு வாட்சை மட்டும் வாங்கிச் சத்தத்தை அமர்த்தித் தன் கையில் வைத்துக்கொண்டாள். பக்கத்திலேயே ஓடினாள். கேட்கிறபோதெல்லாம், எவ்வளவு சிரமமாக இருக்கிறது என்று ஒன்றிலிருந்து பத்துக்குள் அவன் சொல்ல வேண்டும். அவ்வளவுதான் பேச்சு.

"எவ்வளவு?"

"மூணு."

கொஞ்ச தூரம் போனார்கள். இரண்டு பக்கமும் பாத்திகளில் தண்ணீர் வெள்ளையாக வெறித்துக் கிடந்தது.

"எவ்வளவு?"

"மூணுதான்."

ஒரு சிறு பாலம் வந்தது. அதை ஒட்டி ஓலை வேய்ந்த பெரிய உப்புக் குவியல்.

"எவ்வளவு?"

"மூணு, மூணு, மூணு. எத்தன வாட்டி கேப்பீங்க?"

ஜெனோவா வாட்சைப் பார்த்தாள். துடிப்பு எல்லையைத் தாண்டியிருந்தது. ஓட்டத்தை நிறுத்தினாள்.

"பழைய ஓட்டமெல்லாம் இதுல பதிஞ்சிருக்கு. எப்பவும் இந்த எடத்துலதான் அண்ணாச்சி கத்துது."

"இங்க எதிர்க்காத்து."

குவியலின் ஓலை நுனிகூட அசையவில்லை. அவள் அதைப் பார்த்தாள். பாலத்துக் கட்டையில் உட்கார்ந்து, அவனையும் உட்காரச் சொன்னாள். அவன் முகத்தைச் சாலைப் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். மூச்சு தணிந்தது. கழுத்து வேர்வை காய ஆரம்பித்தது.

"இப்ப எவ்வளவு?"

"உக்காந்திருக்கதுக்கு என்ன எவ்வளவு? ஒண்ணு. ஒண்ணுகூட இல்ல."

குவியலுக்குப் பக்கத்தில் வேட்டியை மடித்துக் கட்டி, ஆட்களை ஏவிக்கொண்டிருந்த ஒருவர் பேச்சுக் குரல் கேட்டுத் திரும்பினார். வெயிலுக்குக் கையை நெற்றியில் வைத்துப் பாலத்தை உற்றுப் பார்த்தார். அப்படியே நின்றார்.

ஜெனோவா வாட்சின் சத்தத்தைத் திறந்துவிட்டாள். குருவி கத்தியது.

தவசிமுத்து துள்ளி எழுந்தான். அந்த மாதத்தில் முதல் தடவையாகச் சிரித்தான்.

"பாத்தீங்களா? கல்லு மாதிரி உக்காந்திருக்கேன், இதுக்கும் கத்துது. தூக்கிக் கடல்ல எறிங்க இத."

"அங்க நிக்கது யாரு அண்ணாச்சி?"

"யாரும் இல்ல."

குருவி இன்னும் உரக்கக் கத்தியது போல இருந்தது.

அவன் மறுபடி உட்கார்ந்தான். அதன் பிறகு பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னான். அது அவன் அண்ணன் பால்துரை, அந்த உப்பளத்துக்காரர். அம்மா இறந்த அன்றைக்கு மஸ்கட்டிலிருந்து கிளம்பிய விமானம் தாமதம். அடித்துப் பிடித்து ஊருக்குள் வந்தால் ரயில்வே கேட் மூடிக் கிடந்தது. காரை அப்படியே விட்டுவிட்டுப் பையோடு இறங்கி, கேட்டுக்கு அடியில் குனிந்து, சுடுகாட்டுக்கு ஓடினான். போய்ச் சேர்ந்தபோது நெருப்பு எரிந்துகொண்டிருந்தது. அம்மாவின் முகம் தெரியவில்லை.

"எங்க வழக்கத்துல அம்மாவுக்கு எளையவன்தான் கோச் கொள்ளி வைக்கணும். கேட்டுல நிக்கேன், இன்னா வந்துட்டேன்னு அண்ணனுக்குப் போன் போட்டேன். முழுசாக் கேட்டான். பொழுது சாயுதுன்னு வெச்சுட்டான். போனையும், கொள்ளியையும்."

லூர்து சார் பாடிக்கொண்டே வந்தவர், அவன் முகத்தைக் கண்டு பாட்டை நிறுத்திக்கொண்டு தாண்டிப் போனார்.

குருவி ஓயவில்லை. ஜெனோவா அதை அமர்த்தவும் இல்லை. குவியல் பக்கம் நின்றவர் நெற்றியிலிருந்து கையை எடுக்கவில்லை.

"துறைமுகத்துப் பக்கம் ஓடுதேன். அங்க இந்தச் சனியன் வாயே திறக்காது, சவால்" என்றான் தவசிமுத்து. "நான் கேட்டதுக்கு நீங்க இன்னும் பதில் சொல்லல. உடம்பு சொல்லுததா, வாட்ச் சொல்லுததா? எது நெசம்?"

"ரெண்டும் நெசம்."

"அப்ப என்னைய ஞாயித்துக்கிழமை ஓட விடுவீங்களா, மாட்டீங்களா?"

ஜெனோவா வாட்சை அவன் உள்ளங்கையில் வைத்தாள்.

"அன்னைக்கு ரயில்வே கேட்டுல ஓட ஆரம்பிச்சீங்க, இன்னும் நிக்கல அண்ணாச்சி. ஓடிக்கிட்டிருக்கவர நான் எப்படி ஓட விடுவேன்?"